சரிபார்த்தவர் கையெழுத்து

லிஃப்டுக்காரருக்கு எதையும் எழுதிவைக்காவிட்டால் கை அரிக்கும். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். இருபத்தெட்டு வருஷமாக அதே கம்பெனி, அதே தோல் பை. ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒரு பதிவேடு உண்டு. மொட்டைமாடியில் மோட்டார் அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். தேதி, நேரம், கண்டது, பார்த்தவர், சரிபார்த்தவர், குறிப்பு என்று கட்டம் கட்டமாக இருக்கும். பார்த்தவரும் சரிபார்த்தவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. பிரேக்கை ஒருவர் இறுக்கினால் இன்னொருவர் சோதித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். "ஒரு கையெழுத்துன்னா அது வதந்தி. ரெண்டு இருந்தாத்தான் வேலை" என்பது அவருடைய வேதவாக்கு. விருந்துக்குப் போன இடத்தில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டால்கூட பக்கத்து இலைக்காரரை விசாரித்துவிட்டுத்தான் பதில் சொல்வார் என்று தெருவில் அவரைக் கேலி செய்வார்கள். ஓரளவு உண்மைதான்.

இப்படிப்பட்ட மனிதருக்கு வானத்தின் மேல் பைத்தியம் பிடித்ததற்குக் காரணமும் லிஃப்டுதான். ஒருநாள் சாயங்காலம் பதினான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியில் இரும்புக் கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பகுதி முழுவதும் மின்சாரம் போனது. கதவைத் திறந்து வெளியே வந்தவர் அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேலே கொட்டிக் கிடந்ததைப் பார்த்ததும் அவருக்கு முதலில் வந்தது கோபம்தானாம். இத்தனை வருஷம் இது இங்கேயே இருந்திருக்கிறது, ஒரு பயலும் சொல்லவில்லையே என்ற கோபம். மூன்று மாதத்தில் ஒரு கல்லூரி கழித்துப்போட்ட ஆறங்குலத் தொலைநோக்கி அவர் வீட்டுக் கொல்லைப்புறத்தில், துவைக்கிற கல்லுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே, முக்காலியில் நின்றது.

நிலாவும் சனியின் வளையமும் அவருக்கு ஒரு வாரத்தில் அலுத்துவிட்டன. அதெல்லாம் குழந்தைகளுக்கு என்றார். அவர் தேடியது மங்கல்களை. நட்சத்திரக் கொத்துகள், நெபுலாக்கள் என்கிற வாயு மேகங்கள், கோடிக்கணக்கான சூரியன்கள் சேர்ந்தும் ஒரு ஊதிவிட்ட புகைபோலத் தெரிகிற கேலக்ஸிகள். குளிர் மாதங்களில் ஓரியனின் வாளில் இருக்கும் நெபுலா, வெயில் ஏறும்போது சிம்மத்தின் காலடியில் மூன்று கேலக்ஸிகள், பிறகு தனுசுப் பக்கத்துக் கொத்துகள், மழை விட்ட மாதங்களில் அன்னம் என்கிற நட்சத்திரக் கூட்டமும் ஆந்திரமீடா கேலக்ஸியும் என்று வருஷம் முழுக்க அவருக்கு முறைவைத்து வேலை இருந்தது. கம்பெனியில் மிஞ்சிய ஒரு லிஃப்ட் பதிவேட்டைக் கொண்டுவந்து அதே கட்டங்களில் வானத்தை எழுத ஆரம்பித்தார். 'பார்த்தவர்' கட்டத்தில் அவர் கையெழுத்து. 'சரிபார்த்தவர்' கட்டத்துக்கு ஆள் வேண்டுமே? வீட்டில் இருந்தது ஒரே ஆள்.

அவர் மனைவி தையல்காரம்மா. முன்னறையில் இரண்டு மிஷின், பள்ளிக்கூடச் சீருடை, திரைச்சீலை, தலையணை உறை. ஊசியில் நூல் கோர்ப்பதற்குக் கண்ணாடிகூடத் தேடமாட்டாள். அந்த விஷயத்தில் கொஞ்சம் கர்வமும் உண்டு. அவளை ஏழேகாலுக்கு மிஷினிலிருந்து எழுப்பி, கொல்லைக்கு அழைத்துப்போய், லென்ஸில் கண்ணை வைக்கச் சொன்னார்.

"என்னங்க இது, பஞ்சுத் துணுக்கு மாதிரி?" என்றாள்.

"பஞ்சா? அது எவ்வளவு தூரம் தெரியுமா?"

"தூரத்துல இருந்தா மட்டும் பஞ்சு பட்டாயிடுமா?"

அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லா மங்கலுக்கும் பஞ்சு என்றே பெயர். ஆனால் அவள் வரமாட்டேன் என்று சொன்னதில்லை. இடது கண்ணை மூடி, வலது கண்ணை வைத்து, தெரியுது என்பாள். எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்றும் சொல்வாள். அவர் சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச்சைப் பிடிக்க, அவள் கையெழுத்துப் போடுவாள். முதல் மூன்று வருஷமும் அப்படித்தான் போயிற்று.

மங்கலானவற்றைப் பார்ப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. நேராக உற்றுப் பார்த்தால் தெரியாது. கண்ணின் நடுப்பகுதிக்கு மங்கல் வெளிச்சம் பிடிபடாது, ஓரத்துக்குத்தான் பிடிபடும். அதனால் பார்க்க வேண்டியதை விட்டுவிட்டுப் பக்கத்தில் பார்க்க வேண்டும்.

"நேரா பாக்காதே. ஓரக்கண்ணால பாரு" என்று அவர் முதன்முதலாகச் சொன்ன அன்று அவள் சிரித்த சிரிப்பு பக்கத்து வீடுவரை கேட்டது.

"கல்யாணம் ஆன புதுசுல நீங்க என்னைப் பாத்தீங்களே, அப்படியா?"

"அப்படித்தான். பாரு, பாரு."

பார்த்தாள். அன்னத்தின் இறக்கைப் பக்கம் ஒரு நெபுலா உண்டு. நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு பொட்டு நட்சத்திரம் மட்டும் தெரியும்; பார்வையை ஓரத்துக்குத் தள்ளினால் அதைச் சுற்றி லேசான பச்சையில் ஒரு வட்டம் மலரும்; மறுபடி நேராகப் பார்த்தால் வட்டம் காணாமல் போகும். லிஃப்டுக்காரர் அதற்குக் கண்சிமிட்டி என்று பெயர் வைத்திருந்தார். "ஐயோ, இது நம்மளைப் பாத்துக் கண்ணடிக்குதுங்க!" என்று அவள் லென்ஸை விடவே இல்லை. அன்று அவருக்கும் ஒரு முறை பார்க்கக் கிடைக்குமா என்று ஆகிவிட்டது.

வானம் பார்க்க இருட்டு வேண்டும். ஏழு மணியிலிருந்து எட்டரை வரை வீட்டின் பின்பக்கத்தில் ஒரு விளக்கும் எரியக் கூடாது என்பது சட்டம். சமையலறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணியை அவளே தைத்துக் கொடுத்தாள். இருட்டில் பாத்திரம் உருளும், வாளி கவிழும், நடைக் கதவில் முட்டிக்கொள்வார்கள். இரண்டு பேரும்தான். கொஞ்ச காலத்தில் அவள் கொஞ்சம் அதிகமாக முட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்பார் அவர். அவளும் சிரிப்பாள். பகலில் கத்தரிக்கோலை வலதுபக்கம் வைத்துவிட்டு மிஷின் முழுக்கத் தேடுவாள். கை பட்டு அது கீழே விழுந்தபிறகு கண்டுபிடிப்பாள். அதுவும் வீட்டில் ஒரு வேடிக்கையாகவே இருந்தது.

நான்காவது வருஷம் அன்னம் உச்சிக்கு வந்த மாதத்தில் ஒருநாள், லென்ஸில் வெகுநேரம் கண்ணை வைத்திருந்துவிட்டு அவள் சொன்னாள்: "இது சிமிட்டவே மாட்டேங்குதே. பொட்டு மட்டும்தான் தெரியுது."

"ஓரக்கண்ணால பாரு."

"அப்படித்தான் பாக்குறேன். ஓரத்துல ஒண்ணும் இல்லைங்க."

அவர் பார்த்தார். ஜம்மென்று சிமிட்டியது. "நீ பாக்கல. மனசு மிஷின் மேல இருக்கு" என்றார். மறுநாளும் அதேதான். ஆந்திரமீடா வந்தது, நடுவில் உள்ள பொட்டைச் சொன்னாள், நீண்டிருப்பதைச் சொல்லவில்லை. சிம்மத்து மூன்று கேலக்ஸிகளில் ஒன்றுதான் இருக்கிறது என்றாள். அவருக்குக் கோபம் மூக்கு நுனியில். "போன வருஷம் நீயே மூணையும் எண்ணிச் சொன்ன. இப்ப ரெண்டு எங்க ஓடிப்போச்சு?" என்று கத்திவிட்டு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஜாதி அவர். அவள் கண் பழுது என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. தோன்றாததற்கு அவருக்கு ஒரு சாக்கும் இருந்தது. ஒரே முயற்சியில் ஊசியில் நூல் கோர்க்கிறவளின் கண்ணில் என்ன குறை இருக்க முடியும்?

அதற்கடுத்த வருஷம் எல்லாம் சரியாகிவிட்டது. அவள் கண்ணை வைத்த மறுகணமே, "ஆ, தெரியுதுங்க. சிமிட்டுது" என்றாள். மூன்று கேலக்ஸியும் தெரிந்தன. கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய் மிஷினை மிதித்தாள். திருந்திவிட்டாள் என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

ஆறாவது வருஷத்தில், ஊரே வெளிச்சமாக இருக்கிற பட்டப்பகலில், பொத்தான் வாங்கப் போனவளை வலதுபக்கமாக வந்த ஒரு சைக்கிள் இடித்தது. மணி அடித்தேன், நேராக வந்து விழுந்தார்கள் என்று சைக்கிள்காரர் அழாத குறையாகச் சொன்னார். முழங்கையில் சிராய்ப்புதான். கட்டுப் போட்ட நர்ஸ்தான், அவள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, கண்ணைக் காட்டிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

கண் ஆஸ்பத்திரியில் ஓர் இருட்டறை இருந்தது. அதில் கிண்ணத்தைச் சாய்த்துச் சுவரில் பதித்த மாதிரி ஒரு வெள்ளை மிஷின். அதற்குள் முகத்தை வைத்து, இடது கண்ணைப் பட்டையால் மூடி, தையல்காரம்மாவை உட்கார வைத்தார்கள். கையில் ஒரு பொத்தான் கொடுத்தார்கள். லிஃப்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேராவே பாத்துட்டு இருங்கம்மா" என்றாள் சோதிக்கிற பெண். "ஓரத்துல அங்கங்க சின்னதா வெளிச்சம் வரும். மங்கலாத்தான் வரும். வந்தா பொத்தானை அமுத்துங்க. தேடக் கூடாது."

வெளிச்சப் புள்ளிகள் கிண்ணத்துக்குள் வந்து வந்து போயின. வாசலில் நின்ற அவருக்கே சில தெரிந்தன. அவள் பொத்தானை அமுக்கவில்லை. இன்னொன்று வந்தது. அமுக்கவில்லை. அப்போதுதான் லிஃப்டுக்காரருக்கு உறைத்தது. இதே இருட்டு, இதே ஒற்றைக் கண், இதே மங்கல். இந்தச் சோதனையை அவர் தன் வீட்டுக் கொல்லையில் ஆறு வருஷமாக நடத்திவந்திருக்கிறார். வாசலோரத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

காகிதத்தில் வந்த படத்தில் வலது கண்ணுக்கு நடுவில் மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது, சுற்றிலும் கறுப்பு. இடது கண்ணிலும் ஓரம் கறுக்கத் தொடங்கியிருந்தது. டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: "கண்ணுக்குள்ள அழுத்தம் கூடியிருக்கு. நரம்பு ஓரத்துலேர்ந்து பட்டுப்போகும். வலிக்காது. நேர்ப்பார்வை கடைசிவரைக்கும் நல்லா இருக்கும், அதனால ஊசிகூடக் கோர்க்கலாம். ரெண்டு கண்ணும் திறந்திருந்தா ஒண்ணோட குறையை இன்னொண்ணு மறைச்சிடும். ஒரு கண்ணை மூடிப் பாத்தாத்தான் தெரியும். யாரு வீட்ல உக்காந்து ஒரு கண்ணை மூடிப் பாத்துட்டிருக்காங்க?"

லிஃப்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

"போனது வராதும்மா. இருக்கறதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்திக்கலாம். எப்பலேர்ந்து இப்படி? ஏதாவது ஞாபகம் இருக்கா?"

அவள் தெரியலையே என்று சொல்லிக் கணவரைப் பார்த்தாள். டாக்டரம்மாவும் அவரைப் பார்த்தார். தேதி, மணி, நிமிஷம்வரை எழுதிவைத்திருந்த அந்த மனிதர், "ரெண்டு மூணு மாசமா இருக்கும் டாக்டர்" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது. முந்திக்கொண்டதைத் திரும்பப் பெறும் தைரியம் அப்போது இல்லை, அதற்கப்புறம் வெகுநாள்வரை வரவும் இல்லை.

அவள் தூங்கிய ஒரு மத்தியானத்தில் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எல்லாம் இருந்தது. அழகான கையெழுத்தில், கட்டத்துக்குள் அடங்கி இருந்தது. பன்னிரண்டாம் தேதி, 7.50, கண்சிமிட்டி. பார்த்தவர்: தெரிந்தது. சரிபார்த்தவர்: சிமிட்டவில்லையாம். குறிப்பு: கவனமில்லை. பதின்மூன்றாம் தேதி, குறிப்பு: மறுபடி கவனமில்லை. ஆந்திரமீடா, குறிப்பு: சோம்பல். சிம்மம், குறிப்பு: வேண்டுமென்றே. ஒரு வருஷத்தில் முப்பத்தேழு இடத்தில் அவள் தெரியவில்லை என்று சொல்லியிருந்தாள். எந்தெந்தத் திசையில் எந்த அளவுக்குத் தெரியவில்லை என்றுகூட அதில் இருந்தது. டாக்டரம்மாவின் மிஷின்கூட அவ்வளவு விவரமாகச் சொல்லவில்லை. அதற்கடுத்த வருஷத்துப் பக்கங்களில் தெரிந்தது, தெரிந்தது, தெரிந்தது என்று வரிசையாக அவள் கையெழுத்து. அத்தனையும் பொய் என்று இப்போது அவருக்குப் புரிந்தது. யாருக்காகச் சொன்ன பொய் என்றும் புரிந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஊரில் சொல்வார்கள். கெட்டது தன் கண்ணாக இருந்தாலாவது பொறுத்துக்கொண்டிருப்பேன் என்று அந்த மனிதர் தலையில் அடித்துக்கொண்டார்.

வெளியூரில் வங்கி வேலையில் இருக்கும் மகள் ஒரு வாரம் லீவு போட்டு வந்தாள். வந்த கையோடு அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, ஊர் துணியெல்லாம் அளந்து தைக்கத் தெரியுது, உன் கண்ணைப் பாத்துக்கத் தெரியாதா? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வந்திருந்தா முழுசா காப்பாத்தியிருக்கலாமாம். எதையும் வாயைத் திறந்து சொல்லமாட்டியா?"

"வலிச்சாத்தானேடி தெரியும்."

"முட்டிக்கிட்டேன்னு எத்தனை தடவை ஃபோன்ல சிரிச்சிருக்க! அதுவாவது உனக்கு உறைக்கலையா? உன்மேல உனக்கே அக்கறை கிடையாதும்மா. அதான் இங்க பிரச்சினை."

லிஃப்டுக்காரர் அதே அறையில் மருந்துச் சீட்டை நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் ஊருக்குப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஃபோனில் அதே பாட்டு தொடர்ந்தது. அம்மாவின் அலட்சியம், அம்மாவின் பிடிவாதம். தையல்காரம்மா உம் கொட்டிக்கொண்டே பொத்தானுக்குக் காஜா எடுப்பாள். கொல்லையில் தொலைநோக்கிக்குக் கோணியைப் போட்டு மூடியாயிற்று. கறுப்புத் துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பின்பக்கத்தில் மூன்று பெரிய பல்புகளை மாட்டியிருந்தார் அவர். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏதோ விசேஷம் என்று நினைத்தார்கள்.

நாலு மாதம் பொறுத்தார். ஐந்தாவது மாதத்தில் ஒரு ஞாயிறு, மகள் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டாள். "உன்னைக் கடைசி வரைக்கும் அப்பாதானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்? அவரைப் பத்தி யோசிச்சியா?" என்று கேட்டாள். ஸ்பீக்கரில் அது அறை முழுக்கக் கேட்டது. லிஃப்டுக்காரர் எழுந்து வந்து ஃபோனைக் கையில் எடுத்தார்.

"அம்மாவைத் திட்டாதம்மா. எனக்குத் தெரியும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே தெரியும். அவ தெரியலை தெரியலைன்னு சொன்னா. நான் கவனமில்லைன்னு எழுதி வச்சேன். டாக்டர்கிட்டயும் பொய் சொன்னேன். எல்லாம் என்னாலதான்."

"என்னப்பா சொல்றீங்க?" என்று மகள் கேட்பதற்குள் தையல்காரம்மா ஃபோனை அவர் கையிலிருந்து வாங்கிவிட்டாள்.

"உங்கப்பா பேச்சை எடுத்துக்காத. நாலு மாசமா சரியான தூக்கம் இல்ல, எதுக்கெடுத்தாலும் தன் தலையில பழியைப் போட்டுக்கறார். நான் எங்கடி அப்படிச் சொன்னேன்? பஞ்சு தெரியுதான்னு கேப்பார், தெரியுதுன்னு கையெழுத்துப் போடுவேன். நோட்டுலகூட இருக்கு. என் அலட்சியம்தான். நீ சொன்னது சரிதான். சாப்ட்டியா?"

பிறகு ஐந்து நிமிடம் சாப்பாட்டைப் பற்றியும் மகளுடைய மேலதிகாரியைப் பற்றியும் பேசினாள். சிரித்துக்கூடப் பேசினாள். வைத்துவிட்டாள்.

"ஏன் அப்படிச் சொன்ன?" என்றார் அவர்.

"மணி எட்டாச்சு. மருந்து போடுங்க."

நாற்காலியில் தலையைச் சாய்த்து உட்கார்ந்தாள். அவர் கீழ் இமையை விரலால் இழுத்துப் பிடித்து வலது கண்ணில் ஒரு சொட்டு, இடது கண்ணில் ஒரு சொட்டு விட்டார். இருபதாவது மாடியில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டு திருகாணி முடுக்குகிறவர், இந்த வேலைக்கு மட்டும் ஒவ்வொரு சொட்டுக்கும் மருந்துச் சீட்டை மறுபடி பார்த்துக்கொள்வார். மருந்து போட்டால் ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருக்க வேண்டும். அவள் மூடிக்கொண்டாள். அவர் எதிரே முக்காலியில் உட்கார்ந்தார். அவள் பார்க்கமாட்டாள் என்ற தைரியத்தில் அடக்கிவைத்திருந்ததை அழுதுவிட்டார்.

"ஏன் சொன்னேன்னு கேட்டீங்களே" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல். "அவளுக்கு அப்பான்னு ஒருத்தர் நல்லபடியா இருக்கட்டும். எனக்குத் தெரியும். அது போதும்."

"உனக்குத் தெரியுமா?"

"டாக்டரம்மா எப்பலேர்ந்துன்னு கேட்டாங்களே, அன்னிக்கே தெரியும். தெரிஞ்சுதான் உங்க முகத்தைப் பாத்தேன். நீங்க சொல்லுவீங்கன்னு நினைச்சேன்."

அவர் மருந்துப் புட்டியின் மூடியைத் திருகி மூடினார்.

"பொய் சொன்னது தப்புதான். நீங்க ரெண்டு நாள் பேசாம இருந்தா எனக்கு ஒரு தையல் ஓடாது, அதுக்காகச் சொல்லிட்டேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வருஷம் நான் உண்மையைத்தான் சொன்னேன். ஒவ்வொரு நாளும் சொன்னேன். நீங்களும் ஒண்ணு விடாம எழுதிக்கிட்டீங்க. ஏன் தெரியலைன்னு ஒரு தடவை கேட்டிருக்கலாம்."

ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. அதை அவர் சொல்லவில்லை. அவளும் கண்ணைத் திறக்கவில்லை.